பதுளைப் பக்கம் முதல் காணி: மண், உறுதி, பஸ், பிறகு பணம்

ஐப்பசி மாதம். முதல் நாள் இரவு முழுக்க மழை. ஹாலி-எலைக்கு மேலே ஒரு காணி பார்க்கப் போனோம்: நான், சித்தி, சித்தியின் மகள். தங்கச்சி பதுளை ஆஸ்பத்திரியில் தாதி. விற்கிறவர் எங்களை வரம்பில் நிறுத்தி எதிரே நமுனுகுல மலையைக் காட்டினார். "காத்தப் பாருங்க மிஸ். டவுன் பக்கம் இப்படி ஒரு எடம் இனி கெடைக்காது." பத்து பேர்ச். விலையும் கைக்கு எட்டுகிற விலை. குசினி எந்தப் பக்கம், இஸ்தோப்பு எந்தப் பக்கம் என்று தங்கச்சி மனதுக்குள் அளந்துகொண்டிருந்தது முகத்திலேயே தெரிந்தது.

சித்தி மலையைப் பார்க்கவில்லை. காணியின் பின்பக்கம் மண்ணை வெட்டி இறக்கியிருந்த கரைக்குப் போய், அடியில் குந்தி, உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். கை நனைந்தது. நிமிர்ந்து மேலே பார்த்தார். கரைக்கு மேல் நின்ற மூன்று பாக்கு மரங்களும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன. "இது ஊத்துத் தண்ணி இல்ல பிள்ள. மலைக்கு வேர்க்குது. இங்க வேணாம்."

முப்பது வருஷம் கொழுந்து பறித்தவர் சொன்ன பேச்சு அது. வாங்க வைத்திருந்த பணத்தில் பெரும்பங்கும் அவருடைய ஈ.பி.எப். பணம். திரும்பி வந்துவிட்டோம்.

ஊவாத் தோட்டங்களிலிருந்து படித்து வேலைக்கு வந்த பிள்ளைகள் இன்று ஆசிரியர்களாக, தாதியராக, வங்கி ஊழியராக, கடை முகாமையாளராக இருக்கிறார்கள். அவர்கள் வாங்கும் முதல் காணி பெரும்பாலும் அந்தக் குடும்பத்தின் முதல் காணியும்தான். இரண்டு நூற்றாண்டாக மலையில் உழைத்த சமூகத்துக்குச் சொந்தப் பெயரில் ஒரு விலாசம் என்பது சாதாரண விஷயம் அல்ல. அதனாலேயே அவசரமும் அதிகம். "விலை ஏறுமுன் ஏதாவது ஒன்றை வாங்கிப்போடு" என்று எல்லோரும் தள்ளுவார்கள். நான் சொல்வது ஒன்றுதான்: பார்க்கும் வரிசையை மாற்றுங்கள். மண், உறுதி, பஸ் மூன்றும் முதலில், கடைசியில் விலை. மலைநாட்டில் விலையிலிருந்து தொடங்குகிறவர் மற்ற மூன்றுக்கும் பின்னால் தனித்தனியாகக் காசு கட்ட வேண்டி வரும்.

உங்கள் வேலை எந்த ஊரில் என்று முதலில் குறியுங்கள்

காணி பார்க்கக் கிளம்புமுன் ஒரு தாளை எடுத்து மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள்.

ஒன்று: உங்கள் வேலை இடம் மாறுமா? ஆசிரியராக இருந்தால் பதுளை, பண்டாரவளை, வெலிமடை, பசறை என்று வலயம் மாறலாம். அப்படிப்பட்டவர் இன்றைய பாடசாலை வாசலில் காணி தேடுவதை விட, நாலு பக்கமும் பஸ் போகும் சந்திக்குப் பக்கத்தில் தேடுவது நல்லது. ஹாலி-எல அப்படியொரு சந்தி: பெரகலையிலிருந்து பண்டாரவளை வழியாக வரும் ஏ-16 பாதையும், நுவரெலியா, வெலிமடை வழியாக வந்து பதுளைக்குப் போகும் ஏ-5 பாதையும் அங்கேதான் கூடுகின்றன.

இரண்டு: வேலைக்குப் போகும் நேரம் என்ன? ஆஸ்பத்திரியில் இரவுமுறை செய்கிறவருக்கும், எல்லயில் விடுதி வேலை முடித்து இரவு பத்து மணிக்கு வெளியே வருகிறவருக்கும், மைல் கணக்கை விடக் கடைசி பஸ்ஸின் நேரம் முக்கியம். கணக்குக்கு வைத்துப் பாருங்கள்: கடைசி பஸ் தவறுவதால் மாதம் பத்து நாள் ஆட்டோ, ஒரு நாளைக்கு 600 ரூபா. மாதம் 6,000. வருஷம் 72,000. பத்து வருஷத்தில் ஏழு இலட்சத்து இருபதாயிரம். மலிவாகக் கிடைத்த காணியின் மிச்சக் காசு ஆட்டோவில் போய்விடும்.

மூன்று: வீட்டில் வேறு யார் யார் வெளியே போகிறார்கள்? பிள்ளைக்குப் பாடசாலை, அப்பாவுக்குக் கிளினிக், அம்மா இன்னும் தோட்டத்தில் பெயர் பதிந்து வேலை செய்தால் பெரட்டுக்குப் போக வழி. உங்கள் ஒருவரின் பயணத்தை மட்டும் பார்த்து இடம் எடுத்தால் மற்ற மூன்று பேரின் பயணம் நீளும்.

இதைத் தாளில் எழுதியபின் ஒரு நாள் அங்கிருந்து உண்மையாகவே வேலைக்குப் போய்ப் பாருங்கள். காலையில் அந்தக் காணியடிக்குப் போய், அங்கிருந்து நடந்து, பஸ் ஏறி, வேலைக்குப் போங்கள். மாலையிலும் அதே வழியில் திரும்புங்கள். விளம்பரத்தில் "பிரதான வீதிக்கு மிக அருகில்" என்று இருந்தது உங்கள் காலுக்கு எவ்வளவு தூரம் என்று அன்று தெரிந்துவிடும்.

எந்தப் பக்கம் யாருக்குப் பொருந்தும்

பதுளை நகரம். ஆஸ்பத்திரி, மாகாண அலுவலகங்கள், காணிப் பதிவகம், பஸ் நிலையம், கொழும்பிலிருந்து வரும் மலையக ரயில் பாதையின் கடைசி நிலையம் எல்லாம் இங்கேதான். சரஸ்வதி மத்திய கல்லூரியும் தமிழ் மகளிர் மகா வித்தியாலயமும் நகரத்தில் இருப்பதால் பிள்ளைகளின் படிப்புக்காக இங்கே குடியேறும் தமிழ்க் குடும்பங்கள் பல. பதுளுபிட்டிய, கைலகொட, பிங்கராவ, ஹிந்தகொட, கனுபெலல்ல என்று நகரைச் சுற்றிய பகுதிகளில் வீடுகள் நெருங்கி வளர்ந்திருக்கின்றன. இங்கே சிறு துண்டுதான் கிடைக்கும். ஆனால் மாநகர சபைத் தண்ணீர், விளக்கு, குப்பை வண்டி என்று அன்றாடத் தொல்லைகள் குறைவு. இருவரும் நகரத்தில் வேலை செய்யும் தம்பதிக்கு, தூரத்தில் பதினைந்து பேர்ச் வாங்குவதை விட நகரத்து எட்டு பேர்ச் இலாபமாக இருக்கலாம். பதுளு ஓயாவை ஒட்டிய தாழ்ந்த துண்டு என்றால், பெருமழையில் தண்ணீர் எதுவரை ஏறியது என்று அயல் வீட்டாரிடம் கேளுங்கள்.

பசறை வீதிப் பக்கம். ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இந்த வீதியில் இருப்பதால் அறை வாடகைக்கு ஆள் கிடைக்கும். ஓர் அறை கூடுதலாகக் கட்டி வாடகைக்கு விடும் எண்ணம் இருந்தால் இந்தப் பக்கம் பாருங்கள். இன்னும் அப்பால் பசறை நகரம்: தமிழ்த் தேசிய பாடசாலை உண்டு, சுற்றிலும் தோட்டங்கள், நம் ஆட்கள் அதிகம். தினமும் பதுளைக்கு வந்து போகிறவர் அந்த வளைவுப் பாதையில் மழைக்காலப் பயணத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

ஹாலி-எல, உடுவர, தெமோதரை. நடுத்தர வருமானக்காரருக்கு என்னுடைய முதல் சிபாரிசு இந்த நேர்க்கோடு. ஏ-16 பாதையும் ரயில் பாதையும் சேர்ந்தே போகின்றன. பதுளைக்கும் பண்டாரவளைக்கும் இரண்டு பக்கமும் வேலைக்குப் போகலாம். கணவனுக்கு ஒரு நகரத்திலும் மனைவிக்கு இன்னொரு நகரத்திலும் வேலை என்றால் இதைவிட நல்ல இடம் கிடைப்பது கஷ்டம். ஆனால் பாதையை விட்டு மேலே ஏற ஏறச் சரிவு கூடும். சித்தி கை வைத்துப் பார்த்த காணி இங்கேதான் இருந்தது.

பண்டாரவளை. சொந்த மாநகர சபை, தமிழ் மத்திய கல்லூரி, நல்ல சந்தை, குளிர்ந்த காற்று. வெளியூர்க்காரரும் விரும்பி வாங்குவதால் விலைப் போட்டி உண்டு. உமாஓயாத் திட்டத்தின் சுரங்கத்தில் நீர் கசியத் தொடங்கியபின் இந்தப் பகுதியில் பல கிணறுகள் வற்றின, வீட்டுச் சுவர்கள் வெடித்தன. திட்டம் 2024 ஏப்ரலில் திறந்து வைக்கப்பட்டுவிட்டது. என்றாலும் இங்கே கட்டிய வீடு வாங்குகிறவர் சுவரின் வெடிப்பு எந்த வருஷத்தில் வந்தது, அயலில் கிணறுகள் எப்படி இருக்கின்றன என்று கேட்காமல் அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது.

எல்ல. நிலத்தின் விலையை இங்கே தீர்மானிப்பது சுற்றுலாத் தொழில். குடியிருக்க வாங்குகிறவருக்கு இது விலை கூடிய இடம். எல்லயில் வேலை, தெமோதரையில் வீடு என்று பிரித்து வைப்பதே சிக்கனம்.

அப்புத்தளை, ஹல்துமுல்லை, கொஸ்லாந்தை, பூணாகலைப் பக்கம். நிலம் மலிவாகத் தெரியும். மண்ணைப் பற்றிய அடுத்த பகுதியை இரண்டு தரம் வாசித்துவிட்டுப் போங்கள்.

மண்: மறுபேச்சுக்கு இடமில்லாத நிபந்தனை

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை இறங்கி லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. போக வேறு இடம் இல்லாத மக்கள் அங்கேயே இருந்தார்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு வந்த மழையில் பதுளை மாவட்டத்தில் பல இடங்களில் மண் சரிந்தது; பாதைகள் அறுந்தன, ரயில் பாதை சேதமானது. லயத்தில் பிறந்தவருக்கு அந்த லயத்தின் இடத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருக்கவில்லை. இப்போது நீங்கள் பணம் கொடுத்துத் தேர்ந்தெடுக்கப் போகிறீர்கள். அந்த வசதியை வீணாக்காதீர்கள்.

செய்ய வேண்டியது தெளிவானது. மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் வீடு கட்ட அனுமதி கேட்கும்போது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு மதிப்பீட்டு அறிக்கை தேவை. பதுளை அந்த மாவட்டங்களில் ஒன்று. பெரும்பாலானோர் காணியை வாங்கி, வீட்டுக்குப் படம் கீறி, அதன்பிறகுதான் இந்த அறிக்கைக்கு ஓடுகிறார்கள். அப்போது "இங்கே கட்டக் கூடாது" என்று பதில் வந்தால் கையில் இருப்பது வீடு கட்ட முடியாத ஒரு துண்டு நிலம். ஆகவே அட்வான்ஸ் கொடுக்குமுன் பதுளையிலுள்ள அந்த நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்துக்குப் போய், நில அளவைப் படத்தைக் காட்டி, அந்த இடம் அபாய வரைபடத்தில் எப்படிக் குறிக்கப்பட்டிருக்கிறது என்று விசாரியுங்கள். "அறிக்கை சாதகமாக வந்தால் மட்டுமே வாங்குவேன்" என்று விற்கிறவரிடம் முதல் நாளே சொல்லுங்கள். அதற்குச் சம்மதிக்காதவரின் காணியை விட்டுவிடுங்கள்.

அலுவலகத்துக்குப் போகுமுன் கண்ணால் பார்க்கக் கூடியவை இவை:

- மரம், மின்கம்பம், வேலிக்கட்டை ஒரே பக்கம் சாய்ந்திருக்கிறதா?
- நிலத்தில் பிறை வடிவமாக வெடிப்பு ஓடுகிறதா? அதில் மண் போட்டு மூடிய அடையாளம் இருக்கிறதா?
- மழை விட்ட பிறகும் வெட்டிய கரையிலிருந்து நீர் கசிகிறதா? முன்பு இல்லாத ஊற்று புதிதாக வந்திருக்கிறதா?
- அயல் வீடுகளில் கதவு, ஜன்னல் இறுகி மூட முடியாமல் இருக்கிறதா?
- வீடு கட்டும் இடத்துக்குப் பின்னால் எவ்வளவு உயரத்துக்கு மண் வெட்டப்பட்டிருக்கிறது? அதற்கு மேலே என்ன இருக்கிறது: தேயிலையா, காடா, இன்னொருவர் வீட்டுக் கழிவுக் குழியா?

ஊவாவில் ஐப்பசியிலிருந்து தை வரைதான் பெருமழை. காணியை அந்த மாதங்களில் பாருங்கள். ஆவணியில் காய்ந்து சிரிக்கும் நிலம் கார்த்திகையில் வேறு முகம் காட்டும். ஒரு நாளில் 75 மில்லிமீட்டர் மழை பெய்தால் மஞ்சள் மண்சரிவு எச்சரிக்கை, 100 என்றால் அம்பர், 150ஐ எட்டினால் சிவப்பு, அதாவது வெளியேற வேண்டும். காணி இருக்கும் பகுதிக்கு எத்தனை தரம் எந்த நிறம் வந்தது என்பதைக் கிராம சேவகரிடமும் அயலாரிடமும் கேட்டாலே பாதி உண்மை தெரிந்துவிடும்.

உறுதி: கடதாசிகளில் நாலு வகை

நம் ஆட்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். "உறுதி இருக்கா?" என்று கேட்டால் எல்லோரும் "இருக்கு" என்பார்கள். "என்ன உறுதி?" என்று கேட்கப் பழகுங்கள்.

சின்னக்கர உறுதி. முழு உரித்துள்ள தனியார் காணி. வங்கி கடன் கொடுக்க முதலில் கேட்பது இதைத்தான். உங்கள் சட்டத்தரணி காணிப் பதிவகத்தில் எக்ஸ்ட்ராக்ட் எடுத்து, குறைந்தது முப்பது வருஷத்துக்குக் காணி யாரிடமிருந்து யாருக்கு வந்தது, அடமானம் இருக்கிறதா, வழக்குப் பதிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விற்கிறவர் கொண்டுவரும் சட்டத்தரணியிடமே இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். தனியாக ஒருவரை அமர்த்துங்கள்.

அரச அனுமதிப்பத்திரமும் அளிப்பும். ஜயபூமி, ஸ்வர்ணபூமி என்ற பெயர்களில் கிடைத்தவை இந்த வகை. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வரும் இவற்றைப் பிரதேச செயலாளரின் முன் அனுமதி இல்லாமல் கைமாற்ற முடியாது. விலை மலிவாக இருப்பதற்குக் காரணமும் அதுதான். பிரதேச செயலகத்தில் காணி உத்தியோகத்தரைச் சந்தித்து, மாற்ற முடியுமா, உங்கள் பெயருக்கு வருமா என்று கேட்காமல் ஒரு ரூபாவும் கொடுக்க வேண்டாம்.

தோட்டத்தைத் துண்டாக்கி விற்கும் காணி. பழைய தேயிலைக் காணியைப் பிரித்து "பிளாட்" போட்டு விற்கும் விளம்பரங்கள் பதுளைப் பக்கம் நிறைய. பெரிய தேயிலை, இறப்பர்த் தோட்டங்களைத் துண்டாடி விற்பதற்கு அனுமதி வேண்டும் என்று 1958ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. அத்துடன் 1972, 1975 காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் அரசிடம் போன நிலங்களும் இங்கே கலந்து கிடக்கின்றன. எனவே துண்டாடல் அனுமதியையும், காணிச் சீர்திருத்த ஆணைக்குழுவுக்கு இந்த நிலத்தில் உரிமை இல்லை என்பதற்கான கடிதத்தையும், பிரதேச சபையோ மாநகர சபையோ ஏற்றுக்கொண்ட பிரிப்புப் படத்தையும் கேளுங்கள்.

கையெழுத்துக் கடிதம். லயக்காம்பராவையும் அதன் முன்னால் உள்ள தோட்டத்து நிலத்தையும், சமாதான நீதவான் முன்னால் எழுதிய ஒரு கடிதத்தோடு விற்கிறார்கள், வாங்குகிறார்கள். 1992இல் தோட்ட நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனபோதும் நிலம் அரசுடையதாகவே இருந்தது. கம்பனிக்கு இருப்பதே குத்தகை உரிமைதான். குடியிருப்பவர் தன்னிடம் இல்லாத உரித்தை விற்க முடியாது. மேலும் 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, காணி விற்பனை நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட்டால்தான் செல்லும். பதினைந்து வருஷச் சேமிப்பை அந்தக் கடிதத்தின் மேல் வைக்காதீர்கள்.

அட்வான்ஸ் கொடுக்கும் நாளில் கையால் எழுதிய ரசீது போதாது. நொத்தாரிசு மூலம் விற்பனை உடன்படிக்கை எழுதிப் பதிவு செய்யுங்கள். உறுதி எழுதிய பிறகும் அது காணிப் பதிவகத்தில் பதிவாகும் வரை பின்தொடருங்கள். ஒரே காணிக்கு இரண்டு உறுதி வந்தால், முதலில் பதிந்தவருக்கே சட்டம் முன்னுரிமை தருகிறது.

இன்னொன்று, மனதில் பட்டதைச் சொல்கிறேன். அம்மாவின் பணத்தில் வாங்கும் காணியில் அம்மாவின் பெயர் இருக்கட்டும். பிள்ளையின் பெயரில் எழுதினாலும் அம்மாவுக்குச் சீவிய உரித்தை வைத்து எழுத முடியும். சட்டத்தரணியிடம் கேட்டால் ஒரு பந்தியில் எழுதித் தருவார்.

தண்ணீர், பாதை, எல்லை

"தண்ணி, கரண்ட் வசதி உண்டு" என்ற வரிக்கு ஆதாரம் கேளுங்கள். நீர் வழங்கல் சபையின் மீட்டர் பில்லா, கிராமத்து நீர்த்திட்டமா, மேல் காணியிலிருந்து குழாய் போட்டு இழுத்த பீலித் தண்ணீரா? கடைசியாகச் சொன்னது அயலாரின் நல்ல மனதை நம்பிய தண்ணீர். ஆடி, ஆவணியில் அது எத்தனை மணி நேரம் வருகிறது என்று பாருங்கள். மின்கம்பம் தூரத்தில் இருந்தால் கம்பிக்கும் கம்பத்துக்கும் நீங்கள்தான் கட்ட வேண்டும். முன்கூட்டியே மதிப்பீடு எடுங்கள்.

பாதை உறுதியிலும் நில அளவைப் படத்திலும் இருக்க வேண்டும். இப்போது நடந்து போகிற வழி நாளைக்கு வேலியாகலாம். மணல் லொறி உள்ளே வருமா என்று பாருங்கள். வராவிட்டால் ஒவ்வொரு கல்லையும் தலையில் சுமக்கக் கூலி கொடுக்க நேரும். வீதிக்கோட்டுச் சான்றிதழும் சோலைவரி நிலுவை இல்லை என்ற பற்றுச்சீட்டும் சபையில் எடுக்கலாம். எல்லைக் கல்லை உங்கள் சொந்த நில அளவையாளர் வந்து காட்டட்டும். ஒரு பேர்ச் என்றால் 272 சதுர அடி. பத்து பேர்ச் என்று சொல்லி எட்டைக் காட்டினால், நீங்கள் இழப்பது ஒரு சிறு வீட்டின் அளவு நிலம்.

இப்போது பணம்

கையிலிருப்பதை எல்லாம் காணியின் விலைக்கே கொடுத்துவிடாதீர்கள். 15 இலட்சத்துக்கு ஒரு காணி என்று வைத்துக்கொள்வோம். முத்திரை வரி முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மீதிக்கு 4 வீதம். அதாவது 3,000 கூட்டல் 56,000, மொத்தம் 59,000 ரூபா. இதன் மேல் நொத்தாரிசு கட்டணம், பதிவகத் தேடல், நில அளவை, மண்சரிவு அறிக்கை, கட்டட அனுமதி. சரிவான நிலம் என்றால் தாங்கு சுவரும் வேண்டும். அந்தச் சுவருக்கு மேசனிடம் மதிப்பீடு வாங்கி அதைக் காணியின் விலையோடு கூட்டிப் பாருங்கள். பேர்ச்சுக்கு ஐம்பதாயிரம் கூடிய சமநிலம் பல நேரம் இதைவிடக் குறைவாகவே முடியும்.

கடன் எடுப்பதானால் தவணை வீட்டுக்கு வரும் மொத்தச் சம்பளத்தில் மூன்றிலொன்றைத் தாண்டக் கூடாது. 20 இலட்சத்தை 15 வருஷத்துக்கு, 12 வீத வட்டியில் எடுத்தால் மாதத் தவணை ஏறத்தாழ 24,000. முடிவில் கட்டியிருப்பது 43 இலட்சத்துக்கு மேல். வட்டி மாறக் கூடிய கடனா என்று எழுத்தில் கேளுங்கள். அரச ஊழியர்களுக்கு ஆதனக் கடன் வசதி உண்டு. வெளி வங்கிக்குப் போகுமுன் உங்கள் அலுவலகத்துக் கணக்குப் பிரிவில் விசாரியுங்கள்.

தனியார் துறையில் இருப்பவருக்கு ஈ.பி.எப். இரண்டு விதத்தில் கை கொடுக்கும். 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, பத்து வருஷச் சேவையும் குறைந்தது 3 இலட்சம் மீதியும் இருந்தால், வீட்டுத் தேவைக்கு மீதியில் 30 வீதம் வரை ஓய்வுக்கு முன்பே எடுக்கலாம். அல்லது மீதியை உத்தரவாதமாக வைத்து, அதில் 75 வீதம் வரை வீட்டுக் கடன் பெறலாம். தோட்டத்தில் வேலை செய்யும் அம்மாவுக்கு 50 வயதிலும் அப்பாவுக்கு 55 வயதிலும் முழுப் பணமும் கிடைக்கும். அவர்களுடைய நிதி ஒழுங்காகக் கட்டப்பட்டிருக்கிறதா, அடையாள அட்டைப் பெயரும் நிதிக் கணக்குப் பெயரும் ஒத்துப்போகின்றனவா என்று இப்போதே பார்த்துத் திருத்தி வையுங்கள். ஒரு எழுத்துப் பிழையால் மாதக்கணக்கில் அலைந்த குடும்பங்களை நான் நேரில் கண்டிருக்கிறேன்.

அந்தப் பணம் வந்தபின்னும் முழுவதையும் காணியில் போட வேண்டாம். ஆறு மாதச் செலவுக்கானது பெற்றோர் பெயரில் வங்கியில் இருக்கட்டும். வீடு முடியாமல் நின்றாலும் மருந்து நிற்கக் கூடாது.

தோட்டத்திலேயே கிடைக்கும் 7 பேர்ச்

வெளியே வாங்குவதுதான் கௌரவம் என்று எண்ணி, கிடைக்கும் உரிமையைத் தட்டிவிடாதீர்கள். இந்திய உதவியில் தோட்டங்களில் 7 பேர்ச் காணியில் தனி வீடுகள் கட்டப்படுகின்றன. 2017 மே மாதம் நோர்வூட்டில் மேலும் 10,000 வீடுகள் அறிவிக்கப்பட்டன. 2025 ஒக்டோபரில் பண்டாரவளையில் நடந்த விழாவில் இரண்டாயிரம் அளவிலான குடும்பங்களுக்கு வீட்டு உரிமை ஆவணங்கள் கொடுக்கப்பட்டன. 7 பேர்ச் என்பது 1,900 சதுர அடி. சிறு குடும்பத்துக்குப் போதும். உங்கள் குடும்பத்தின் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று தோட்ட அலுவலகத்திலும் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்திலும் கேளுங்கள். கையில் வரும் ஆவணம் உறுதியா, வெறும் கடிதமா என்று வாசித்துப் பாருங்கள். பெற்றோர் அங்கே பாதுகாப்பாக இருந்தால், நீங்கள் நகரத்தில் அவசரப்படாமல் தேடலாம்.

கொழும்பில் வேலை செய்கிறவருக்கு ஒரு சொல்

கொழும்பிலோ வத்தளையிலோ வேலை செய்து, அங்கே தொடர்மாடி வாங்குவதா, பதுளையில் காணி வாங்குவதா என்று பலர் கேட்கிறார்கள். பத்து வருஷத்துக்கு மேல் அங்கேயே வேலை, பிள்ளைகளின் படிப்பும் அங்கே என்றால் மட்டும் தொடர்மாடியைப் பாருங்கள். 1973ஆம் ஆண்டுத் தொடர்மாடி உரிமைச் சட்டத்தின் கீழ் அந்த அலகுக்குத் தனி உறுதி இருக்கிறதா, மாதப் பராமரிப்புக் கட்டணம் எவ்வளவு என்பவை முதல் இரண்டு கேள்விகள். ஊரில் காணியை வாங்கிப் பூட்டிவிட்டு வருஷத்துக்கு ஒரு தரம் தீபாவளிக்குப் பார்க்கப் போகும் திட்டம் என்றால், எல்லையைக் கவனிக்க நம்பிக்கையான ஆள் வேண்டும். பத்து வருஷம் தொடர்ந்து பிறர் ஆண்டால் உரித்துக்கே வழக்கு வரலாம்.

ஒரு மாதத்தில் முடிக்கக் கூடிய வேலை

முதல் வாரம்: வேலை, பாடசாலை, ஆஸ்பத்திரி மூன்றையும் குறித்து இரண்டு பகுதிகளை மட்டும் தேர்ந்தெடுங்கள். பஸ் ஏறிப் பாருங்கள்.

இரண்டாம் வாரம்: மழை பெய்த மறுநாள் காணிகளைப் பாருங்கள். வீட்டில் மண்ணைத் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

மூன்றாம் வாரம்: உறுதியின் பிரதியும் நில அளவைப் படமும் வாங்கி, பதிவகத்திலும் சபையிலும் மண்சரிவு அலுவலகத்திலும் காட்டுங்கள்.

நாலாம் வாரம்: மூன்றும் சரியென்று வந்த காணிக்கு மட்டும் விலை பேசுங்கள். அறிக்கையையும் மதிப்பீடுகளையும் கையில் வைத்துப் பேசுகிறவருக்கு விலை குறைத்துக் கேட்கத் தைரியம் வரும்.

எங்கள் கதைக்கு வருகிறேன். அந்தக் காணியை விட்ட பிறகு தங்கச்சி ஒரு வாரம் யாரோடும் சரியாகப் பேசவில்லை. மேலும் ஏழு மாதம் தேடினோம். கடைசியில் எடுத்தது உடுவரப் பக்கம் எட்டு பேர்ச். மலை தெரியாது, எதிரே ஒரு மரக்காலைதான் தெரியும். ஆனால் நிலம் சமம், பஸ் தரிப்பு ஐந்து நிமிஷ நடை, உறுதி சின்னக்கர. வீடு கட்டிக் குடிவந்தபின் வந்த ஐப்பசியில், விடாது பெய்த ஒரு மழை இரவுக்குப் பிறகு, சித்தி காலையிலேயே எழுந்து வீட்டின் பின்பக்கம் போனார். சுவரடி மண்ணில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பிறகு கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து, தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டினார்.